பூச்சியங்கள் எங்கிருந்து வந்தன?

மின்வெட்டில் கோப்பு தொலைந்துவிட்டது என்று யாராவது முறையிட்டால் நான் அவ்வளவாகப் பதறுவதில்லை. மின்சாரம் இருந்தது, கணினி நிற்கவில்லை, பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை, ஆனாலும் கோப்பின் நடுவே பூச்சியங்கள் முளைத்திருக்கின்றன என்று சொன்னால்தான் வயிற்றைக் கலக்கும். முதலாவதற்குப் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதிவிடலாம். இரண்டாவதற்கு லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், நினைவகத்தில் இருப்பதைப் பின்னர் வட்டுக்கு எழுதும் ரைட்பேக் பகுதிக்குள் இறங்க வேண்டும். இறங்கினால் எப்போது மேலே வருவோம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.

கொழும்பில் இருந்துகொண்டு இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்வது கடினம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்த ஊர் இது. 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். இப்படிப்பட்ட இடத்தில் எந்தக் கோப்பு கெட்டாலும் பழி மின்சாரத்தின் தலையில்தான் விழும். பாதி நேரம் அது நியாயமும்கூட.

அந்த நியாயமான பாதிக்கு உதாரணம் புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் மொத்தமாக விற்கும் ஒரு கடை. என் அப்பாவுக்குப் பழக்கமான முதலாளி. பில் போடும் கணினியில் லினக்ஸ் ஓடுகிறது. அருகில் ஒரு யூபிஎஸ் பெட்டியும் இருக்கிறது, ஆனால் அதன் பற்றரி எப்போதோ செத்துவிட்டது. விளக்கு மட்டும் எரிகிறது.

“தம்பி, பில் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். திரையில் இருந்தது. கரண்ட் வந்து திறந்தால் கடைசி இரண்டு பில்லைக் காணவில்லை. வைரஸா?”

“வைரஸ் இல்லை முதலாளி. அவை வட்டுக்குப் போய்ச் சேரவில்லை.”

“சேவ் ஆகிவிட்டது என்று அதுதானே சொன்னது?”

“நினைவகத்தில் வைத்துக்கொண்டேன் என்று சொன்னது. வட்டில் எழுதினேன் என்று சொல்லவில்லை.”

முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வக்கீல் பேச்சுப் போலப் பட்டிருக்க வேண்டும். ஆனால் அவருடைய கடையிலேயே அதே ஏற்பாடு இருக்கிறது. வாசலில் மூட்டை இறங்கும்போது கணக்கப்பிள்ளை ஒரு துண்டில் குறித்து ஆணியில் குத்தி வைப்பார். கூட்டம் குறைந்த பிறகுதான் துண்டுகளைப் பார்த்துப் பேரேட்டில் பதிவார். ஒவ்வொரு மூட்டைக்கும் பேரேட்டைத் திறந்தால் லொறி தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். இடையில் ஆணியிலிருந்த துண்டு காற்றில் போனால் அந்தக் கணக்குப் போயிற்று.

கெர்னலில் அந்த ஆணிக்குப் பேஜ் கேஷ் என்று பெயர். ஒரு நிரல் எழுதுமாறு கேட்டால், கெர்னல் அந்தத் தரவை 4096 பைட்டுகள் கொண்ட பக்கங்களாக நினைவகத்தில் வைத்து, ‘டர்ட்டி’ (வட்டுக்கு இன்னும் போகாதது) என்று குறியிட்டு, வேலை முடிந்தது என்று திரும்பிவிடும். ஃபிளஷர் எனப்படும், பின்னணியில் தனியே ஓடும் இழை (த்ரெட்) வழக்கமாக 5 விநாடிகளுக்கு ஒருமுறை விழித்து, குறியிட்டு 30 விநாடிகளுக்கு மேலானவற்றை வட்டுக்கு அனுப்பும். கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இப்படித் தேங்கினால் 30 விநாடிகள் காத்திருக்காமல் எழுதத் தொடங்கும். 20 சதவீதத்தை நெருங்கினால் எழுதிக்கொண்டிருக்கும் நிரலையே பிடித்து நிறுத்தி வைக்கும். பென் டிரைவுக்குப் பெரிய காணொளியைப் பிரதி எடுக்கும்போது முதலில் மின்னலாய் ஓடி, கழற்றப் போகும்போது நிமிடக்கணக்கில் நிற்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே முதலாளியின் கடைசி இரண்டு பில்கள் அந்த அரை நிமிட இடைவெளிக்குள் விழுந்தவை. கெர்னல் சொன்னபடிதான் நடந்துகொண்டது. பில் மென்பொருளை எழுதியவர் ஒவ்வொரு பில்லுக்குப் பின்னும், இதை வட்டில் எழுதி முடித்துவிட்டுத் திரும்பு என்று கெர்னலைக் கேட்கும் எஃப்சிங்க்கை அழைத்திருக்க வேண்டும், அழைக்கவில்லை. அவ்வளவுதான் அந்தக் கதை.

மற்றக் கதைக்கு வருகிறேன். நான் வேலை செய்யும் குழு, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் சேமிப்புக் கருவிகளுக்கான கெர்னலைப் பராமரிக்கிறது. புதிய கெர்னலில் நடக்கும் திருத்தங்களைப் பழைய கெர்னலுக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பகுதி வேலை. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைதான். காலி வீதியின் ஹோன் சத்தம் மட்டும் கூட வரும். ஒருநாள் ஒரு கெட்ட கோப்பின் மாதிரி எங்களுக்கு வந்தது. பல இழைகள் ஒரே கோப்பின் வெவ்வேறு துண்டுகளை முன்பின்னாக எழுதும் வகையான வேலை. கோப்புக்குத் தேவையான இடம் முதலிலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. எழுதி முடித்துச் சரிபார்த்தால் அங்கங்கே பூச்சியங்கள். மின்சாரம் போகவில்லை, வட்டில் பிழை பதிவாகவில்லை.

இப்படி ஒன்று வந்தால் எல்லாரும் முதலில் நிரல்வரிகளைத் திறப்பார்கள். நான் கெட்ட கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். பூச்சியங்கள் தொடங்கும் இடங்களையும் முடியும் இடங்களையும் ஒரு தாளில் எழுதினோம். தொடங்கும் எண்களில் ஒழுங்கே இல்லை. பூச்சியம் முடிந்து மறுபடி தரவு தொடங்கும் எண்கள் ஒவ்வொன்றும் 4096-இன் மடங்கு.

இந்த ஒரு தகவல் சந்தேக நபர்களில் பாதிப்பேரை விடுதலை செய்துவிடுகிறது. வட்டு தவறு செய்தால் முழு முழுத் துண்டங்களாகத்தான் தவறு செய்யும். தொடக்கமும் 512-இன் அல்லது 4096-இன் மடங்கில் விழும். நிரல் தவறான நீளத்துக்கு எழுதியிருந்தால் முடிவிடம் இவ்வளவு ஒழுங்காக வராது. ஒழுங்கற்ற இடத்தில் தொடங்கி ஒரு துண்டத்தின் எல்லையில் முடிகிறது என்றால், யாரோ ஒருவர் அந்தத் துண்டத்தின் முன்பாதியை எழுதிவிட்டுப் பின்பாதியில் ஒன்றும் இல்லை என்று நினைத்துப் பூச்சியம் போட்டு நிரப்பியிருக்கிறார். அப்படி நினைக்க அவருக்கு எது இடம் கொடுத்தது என்பதுதான் கேள்வி.

பதில் ஏற்கெனவே வெளியே இருந்தது. எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று நிர்வகிப்பது கோப்பு முறைமை; அவற்றில் ஒன்றான எக்ஸ்எஃப்எஸ்ஸில் இதே வழுவை (நிரல் பிழையை) அதன் உருவாக்குநர்களில் ஒருவரான டேவ் சின்னர் 2022 இறுதியில் விரிவாக அலசித் திருத்தியிருந்தார். எங்கள் பழைய கெர்னலில் அந்தத் திருத்தம் இல்லை. இந்த வழு எனக்கு மிகவும் பிடித்தமானது. வழுவைப் போய்ப் பிடிக்கும் என்று சொல்லலாமா தெரியவில்லை. அதில் பங்குகொள்ளும் ஒவ்வொருவரும் தன் கடமையைச் சரியாகச் செய்கிறார்கள். அதனால் எண்களோடு சொல்கிறேன்.

கோப்பின் இரண்டாவது பக்கம் 4096-ஆவது பைட்டில் தொடங்கி 8191-இல் முடிகிறது. இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் இதுவரை எழுதப்படவில்லை என்று கோப்பு முறைமையின் வரைபடம் சொல்கிறது. முதல் இழை 6000-ஆவது பைட்டிலிருந்து தன் துண்டை எழுதுகிறது. அது நினைவகத்தில் டர்ட்டியாக நிற்கிறது. இப்போது இரண்டாவது இழை 0-இலிருந்து 5999 வரை எழுத வருகிறது. கோப்பு முறைமையிடம் வரைபடத்தைக் கேட்கிறது. “இந்த நீளம் முழுவதும் இன்னும் எழுதப்படாத இடம்” என்ற பதில் கிடைக்கிறது. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு முதற்பக்கத்திலிருந்து பிரதி செய்யத் தொடங்குகிறது.

அந்த நேரத்தில் ஃபிளஷர் விழிக்கிறது. முதல் இழையின் பக்கத்தை வட்டுக்கு எழுதுகிறது. எழுதி முடிந்ததும் கோப்பு முறைமை தன் வரைபடத்தை முறைப்படி திருத்துகிறது: இது இனி எழுதப்பட்ட இடம். பக்கம் இப்போது சுத்தம். நினைவகம் தட்டுப்பாடாக இருப்பதால், சுத்தமான பக்கத்தை வைத்திருப்பானேன் என்று கெர்னல் அதைத் தூக்கி எறிகிறது. தரவு வட்டில் பத்திரமாக இருக்கிறது அல்லவா.

இரண்டாவது இழை இப்போது 4096-ஐ அடைகிறது. பக்கம் நினைவகத்தில் இல்லை. தான் எழுதப்போவது 5999 வரைதான். மிச்சத்தை என்ன செய்வது? கையிலிருக்கும் பழைய வரைபடத்தைப் பார்க்கிறது. எழுதப்படாத இடம் என்கிறது. அப்படியானால் வட்டிலிருந்து வாசிக்க என்ன இருக்கிறது? 6000-இலிருந்து 8191 வரை பூச்சியம். பக்கம் மறுபடி டர்ட்டி. அடுத்த சுற்றில் ஃபிளஷர் அந்தப் பூச்சியங்களை வட்டிலிருந்த நல்ல தரவின் மேல் கொண்டுபோய் எழுதிவிடுகிறது.

உதாரணத்துக்குத்தான் எண்களைச் சிறிதாக எடுத்தேன். உண்மையில் இரண்டாவது இழையின் எழுத்து நீளமாக இருக்க வேண்டும். வரைபடத்தைப் பெற்ற கணத்துக்கும் அதைக் கடைசிப் பக்கத்தில் பயன்படுத்தும் கணத்துக்கும் நடுவே ஃபிளஷரும் நினைவக மீட்பும் வந்து போவதற்கு அவகாசம் வேண்டும்.

இதைக் கேட்பவர்கள் உடனே பூட்டைப் பற்றிக் கேட்பார்கள். இரு இழைகளும் ஒரே நேரத்தில் எழுதாதபடி கோப்புக்குப் பூட்டு இல்லையா? இருக்கிறது. எழுதுபவர்கள் இருவரும் அதை ஒழுங்காக எடுக்கிறார்கள். ஃபிளஷர் அதை எடுப்பதில்லை. எடுக்கவும் கூடாது. எழுதுகிற இழை அந்தப் பூட்டைப் பிடித்திருக்கும்போதே டர்ட்டி பக்கங்கள் கூடிவிட்டன என்று கெர்னல் அதை நிறுத்தி வைக்கலாம். அது எதற்காகக் காத்திருக்கும்? ஃபிளஷர் சுத்தம் செய்வதற்காக. ஃபிளஷரோ அதே பூட்டுக்காக இதன் வாசலில் நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கெட்ட தரவுக்குப் பதிலாகச் செத்த கணினி கிடைக்கும்.

ரைட்பேக் வழுக்களில் “ஒரு பூட்டைப் போட்டால் முடிந்தது” என்று வரும் திருத்தங்களை நான் சந்தேகத்தோடுதான் வாசிப்பேன். இந்தப் பகுதியில் எல்லாம் எல்லாவற்றுக்காகவும் காத்திருக்கிறது. நினைவகம் வேண்டுமென்றால் பக்கங்களைச் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் செய்ய வட்டுக்கு எழுத வேண்டும். எழுதுவதற்கே கொஞ்சம் நினைவகம் வேண்டும். இந்த வட்டத்தில் எந்த இடத்தில் பூட்டை வைத்தாலும் யாரோ ஒருவருடைய கழுத்தில்தான் விழுகிறது.

சின்னரின் திருத்தம் பூட்டுப் பக்கமே போகவில்லை. எக்ஸ்எஃப்எஸ் தன் வரைபடத்துக்கு ஒரு தொடரெண் வைத்திருக்கிறது. வரைபடம் மாறினால் எண்ணும் ஏறும். இழை வரைபடத்தைப் பெறும்போது அன்றைய எண்ணையும் குறித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்து, அந்தப் பக்கத்தின் பூட்டைப் பிடித்த பிறகு, எண் இன்னும் அதுதானா என்று ஒருமுறை பார்க்கிறது. மாறியிருந்தால் கையிலிருப்பதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிய வரைபடம் கேட்கிறது. ஃபிளஷரும் நினைவக மீட்பும் அந்தப் பக்கத்தைத் தொட வேண்டுமென்றால் அதே பக்கப் பூட்டு வேண்டும். ஆகவே அதைப் பிடித்துக்கொண்டு கேட்ட பதில் அந்தப் பக்கத்தைப் பொறுத்தவரை செல்லும். கோப்பின் வேறு மூலையில் நடந்த மாற்றத்துக்கும் எண் ஏறிவிடும், அதனால் சில சமயம் தேவையில்லாமல் மறுபடி கேட்க நேரும். கேட்டால் கேட்கட்டும்.

எனக்கு ரைட்பேக் வேலை முழுவதுமே கடைசியில் இந்த ஒரே விடயமாகத்தான் தெரிகிறது: ஒரு தகவல் உண்மையாக இருந்த கணத்துக்கும் அதை நம்பிக் காரியம் செய்யும் கணத்துக்கும் இடையே உலகம் மாறுகிறது. திருத்தம் என்பது எந்தக் கணத்தில் கேட்பது என்று தேடிப் பிடிப்பது. டர்ட்டி குறியை எப்போது அழிப்பது என்ற அடிப்படைக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை வட்டுக்கு எழுதி முடித்த பிறகு அழிப்பதுதான் இயல்பாகப் படும். அப்படிச் செய்தால், எழுதிக்கொண்டிருக்கும்போது வேறொரு நிரல் அந்தப் பக்கத்தை மாற்றிக் குறியிட்டதும் சேர்ந்து அழிந்துவிடும். அந்த மாற்றம் வட்டுக்குப் போகவே போகாது. எனவே கெர்னல் எழுதத் தொடங்கும் முன்பே டர்ட்டி குறியை நீக்கி, “எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது” என்ற வேறொரு குறியைப் போடுகிறது. இரண்டு வரிகளின் வரிசைதான். மாற்றிப் போட்டால் ஆண்டுக்கணக்கில் யாரும் கண்டுபிடிக்காமல் இருக்கலாம்.

கெர்னல் உருவாக்குநர் யான் காரா 2010-இல் செய்த ஒரு திருத்தமும் இதே குடும்பம். ஒருவர் கோப்பின் முடிவில் ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்; இன்னொருவர் அந்தக் கோப்பை வட்டில் சேர்க்கச் சொல்கிறார். டர்ட்டி பக்கங்கள் இருக்கும்வரை எழுது என்றால் அந்த வேலை முடியவே முடியாது. அவர் செய்தது: வேலை தொடங்கும் கணத்தில் டர்ட்டியாக இருக்கும் பக்கங்களுக்கு மட்டும் தனிக்குறி இட்டு, அவற்றை மட்டும் எழுதிவிட்டுத் திரும்புவது. எந்தக் கணத்தின் உண்மைக்கு நான் பொறுப்பு என்று வரையறுத்துக்கொண்டதும் சிக்கல் அவிழ்ந்துவிட்டது.

எஃப்சிங்க் விவகாரம் இவ்வளவு அழகாக அவிழவில்லை. 2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக்காரர்களுக்கு ஓர் உண்மை தெரியவந்தது. பக்கத்தை வட்டுக்கு எழுதும்போது பிழை ஏற்பட்டால், எஃப்சிங்க் ஒருமுறை பிழை என்று சொல்லும். சரி, மறுபடி முயல்வோம் என்று இரண்டாம் முறை அழைத்தால் வெற்றி என்று சொல்லும். ஏனென்றால் முதல் தோல்விக்குப் பின்பே கெர்னல் அந்தப் பக்கத்தைச் சுத்தம் என்று குறித்துவிட்டது. எழுத ஒன்றும் மிச்சமில்லை, ஆகவே வெற்றி! தரவு வட்டிலும் இல்லை. கெர்னல் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை: யாரோ பிடுங்கிக்கொண்டு போன பென் டிரைவுக்கான பக்கங்களை எவ்வளவு காலம் நினைவகத்தில் வைத்துக் காத்திருப்பது? ஆனால் தரவுத்தளம் எழுதியவர்கள் பல வருடங்களாக, மறுமுயற்சி என்றால் மறுமுயற்சிதான் என்று நம்பியிருந்தார்கள். 2017-இல் 4.13 கெர்னலில் ஜெஃப் லேட்டன் கொண்டுவந்த மாற்றத்தால், கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பிழை ஒருமுறையாவது போய்ச் சேரும் நிலை வந்திருந்தது. அதற்கு முன் ஒருவர் கேட்டுவிட்டால் மற்றவருக்குத் தெரியாமலே போகலாம். போஸ்ட்கிரெஸ் 2019 பெப்ரவரி வெளியீடுகளில் வேறு முடிவெடுத்தது: எஃப்சிங்க் தோற்றால் மறுபடி முயலாதே, முழுவதும் விழுந்து, மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் பதிவேட்டிலிருந்து எழுந்து வா. முரட்டுத்தனமான வழிதான். வேறு நேர்மையான வழி எனக்கும் தோன்றவில்லை.

2009-இல் எக்ஸ்ட் 3 கோப்பு முறைமைக்கு அடுத்ததாக எக்ஸ்ட் 4 வந்த புதிதில் நடந்ததையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும், சுருக்கமாக. எக்ஸ்ட் 3-இல் சாதாரணமாக 5 விநாடிகளுக்குள் வட்டுக்குப் போனவை, எக்ஸ்ட் 4-இல் வட்டில் இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போட்டதால் நெடுநேரம் நினைவகத்தில் நின்றன. கணினி விழுந்து எழுந்தால், நிரல்கள் தங்கள் அமைப்புகளைச் சேமிக்கும் கோப்புகள் நீளம் பூச்சியமாகக் கிடந்தன. உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீட்டின் பயனர்கள் கொதித்தார்கள். எஃப்சிங்க் அழைக்காத நிரல்களின் தவறு என்று எக்ஸ்ட் 4-இன் முதன்மை உருவாக்குநர் தியடோர் சோ விளக்கினார். விளக்கிவிட்டு, புதுக் கோப்பை எழுதிப் பழையதன் பெயருக்கு மாற்றும் நிரல்களுக்காக இடத்தை உடனே ஒதுக்கும் திருத்தத்தையும் அவரே கெர்னலில் சேர்த்தார். வாதத்தில் வென்றும் விட்டுக்கொடுத்தவர்களைக் கணினித் துறையில் அதிகம் காண முடியாது.

எங்கள் பூச்சியங்களுக்குத் திரும்புகிறேன். திருத்தம் தெரிந்துவிட்டது என்றால் அதை அப்படியே பழைய கெர்னலில் ஒட்டிவிடலாமே என்று மேலாளர்கள் நினைப்பார்கள். வழுவை நம் கையால் விழ வைக்காமல், அதாவது மறுபடி நிகழ வைத்துப் பார்க்காமல், திருத்தத்தைச் சேர்ப்பதற்கு நான் சம்மதிப்பதில்லை. விழ வைக்கும் பொறுப்பை எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவரிடம் கொடுத்தேன். மடிக்கணினிக்குள் கியூஎமு மூலம் ஒரு போலிக் கணினி; அதற்கு வேண்டுமென்றே மிகக் குறைந்த நினைவகம். ஃபிளஷர் 5 விநாடிகளுக்குப் பதில் ஓயாமல் விழிக்கும்படி அமைப்பு. எழுதும் நிரலை, நிரல்களுக்கு எல்லை வகுக்கும் சிகுரூப் ஒன்றுக்குள் அடைத்து அதன் நினைவகத்தையும் நெரித்தார். என்ன நடக்கிறது என்று பார்க்கப் பிரதி செய்யும் சுற்றுக்குள், செய்தி அச்சிடும் பிரிண்ட்கே வரிகளும் சேர்த்தார்.

“நேற்றிரவு முழுக்க ஓடியும் விழவில்லை அண்ணா. நம்முடைய கெர்னலில் இந்த வழு இல்லை என்று குறித்துவிடலாமா?”

“எதனால் விழவில்லை என்று நீர் சொல்லும், குறித்துவிடுவோம்.”

அவரால் சொல்ல முடியவில்லை. அதுதான் பதில். அச்சிடும் வரிகளை எடுத்துவிட்டு, ரைட்பேக் பகுதியில் ஏற்கெனவே பதிக்கப்பட்டிருக்கும், நடப்பதை அதிகம் தாமதிக்காமல் குறித்துவைக்கும் டிரேஸ் புள்ளிகளைப் பயன்படுத்தச் சொன்னேன். அச்சிடும் வரிகள் நேரத்தை மாற்றிவிடும். நேரத்தால் வரும் வழுவை நேரத்தைக் கலைத்துவிட்டுத் தேட முடியாது. பிறகு, இரண்டாவது இழை வரைபடத்தைப் பெற்ற உடனேயும் பக்கத்தை எடுக்கும் முன்னும் ஒரு சிறு தூக்கத்தை, அதாவது தாமதத்தை, புகுத்தினோம். கொடுமையான வழிதான், ஆனால் வழு எங்கே வாழ்கிறது என்று நமக்குத் தெரியும் என்றால் அதன் வாசலை அகலமாகத் திறந்து வைப்பதில் தவறில்லை. (எக்ஸ்எஃப்எஸ்காரர்களே பின்னர் இப்படித் தாமதத்தைப் புகுத்தும் கைப்பிடிகளைச் சோதனைக்கென்று உள்ளேயே வைத்துவிட்டார்கள்.) தேநீர் ஆறுவதற்குள் விழுந்தது. பூச்சியங்கள், ஒழுங்கற்ற தொடக்கம், 4096-இன் மடங்கில் முடிவு. மாணவர் வாடிக்கையாளரின் கோப்பிலிருந்து எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே முகம்.

திருத்தத்தைச் சேர்த்து, தூக்கத்தை எடுக்காமலே ஓட்டினோம். விழவில்லை. இந்த முறை ஏன் விழவில்லை என்று டிரேஸ் சொன்னது: தொடரெண் மாறியிருந்தது, வரைபடம் மறுபடி கேட்கப்பட்டது, வட்டிலிருந்து பக்கம் வாசிக்கப்பட்டது.

மின்வெட்டைப் பற்றியும் மாணவர் கேட்டார். சோதனைக்காகப் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாமா? கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்கு வரவேண்டிய கேள்விதான். பிடுங்கிப் பார்ப்பதால் ஒரே ஒரு கணம்தான் சோதனைக்கு உள்ளாகிறது. டிஎம்-லாக்-ரைட்ஸ் என்று ஒரு கருவி கெர்னலிலேயே இருக்கிறது. வட்டுக்குப் போகும் ஒவ்வொரு எழுத்தையும், வட்டின் உள் கேஷைக் காலி செய்யும் ஒவ்வொரு கட்டளையையும் வரிசையாகப் பதிந்து வைக்கும். பிறகு எந்தப் புள்ளி வரைக்கும் வேண்டுமானாலும் ஓட்டி நிறுத்தி, இந்தக் கணத்தில் மின்சாரம் போயிருந்தால் வட்டு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கலாம். குரங்கை நம்பியிருக்கத் தேவையில்லை.

திருத்தம் கைக்கு வந்த பிறகும் நான் இவ்வளவு இழுத்தடிப்பதற்குக் காரணம் 2023 டிசெம்பர். ரைட்பேக் பாதையை விட்டு வட்டுக்கு நேரடியாக எழுதும் வழியில் எக்ஸ்ட் 4-க்குச் செய்த ஒரு நல்ல திருத்தம், பழைய 6.1 வரிசைக்குக் கொண்டுவரப்பட்டு 6.1.64-இல் வெளியானது. அந்தத் திருத்தம் தனக்கு முன்பே இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்த இன்னொரு மாற்றம் 6.1-இல் இல்லை. விளைவாக, அடுத்து எங்கே எழுதுவது என்று காட்டும் எண் தவறாக நகர்ந்து, தரவு கெட்டது. புதிய கெர்னலில் சரியாக இருந்த அதே வரிகள்! அந்தக் கெர்னலோடு வரவிருந்த லினக்ஸ் வெளியீடான டெபியன் 12.3-ஐ டிசெம்பர் 9-ஆம் திகதி நிறுத்தி, மறுநாள் திருத்திய கெர்னலோடு நேராக 12.4-ஐ வெளியிட்டார்கள். அதே 9-ஆம் திகதி மாலை இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. அன்று அணைந்து கிடந்த இந்நாட்டுச் சேவையகங்கள் எதுவும் அந்தக் கெர்னலால் தரவை இழந்திருக்காது என்பது ஓர் ஆறுதல்.

ஆகவே எங்கள் திருத்தத்தோடு அது நம்பியிருக்கும் முந்தைய மாற்றங்களையும் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தோம். தொடரெண் எங்களுடைய பழைய எக்ஸ்எஃப்எஸ்ஸில் எல்லா இடத்திலும் ஏறுகிறதா என்று வரி வரியாகப் பார்ப்பதுதான் அதிக நேரம் எடுத்தது. வரைபடத்தை மாற்றிவிட்டு எண்ணை ஏற்ற மறந்த ஒரே ஓர் இடம் இருந்தாலும் இத்தனை பாடும் வீண். பிறகு கோப்பு முறைமைச் சோதனைத் தொகுப்பு முழுவதையும் ஓட்டி அனுப்பினோம்.

புறக்கோட்டை முதலாளியின் பில் மென்பொருளையும் அதை எழுதிய பையன் திருத்திக் கொடுத்தான். ஒவ்வொரு பில்லுக்கும் எஃப்சிங்க் போட்டதும் “தம்பி, முன்னையைவிட இழுக்கிறதே” என்று முதலாளி தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். பழைய வன்தட்டு, ஒவ்வொரு முறையும் உண்மையாகவே எழுதினால் இழுக்கத்தான் செய்யும். எஸ்எஸ்டி ஒன்று வாங்கச் சொன்னேன். யூபிஎஸ்ஸுக்குப் பற்றரியும் மாற்றச் சொன்னேன். எஸ்எஸ்டி வாங்கிவிட்டார்.

மாணவர் இப்போது வேறொன்றைக் கையில் எடுத்திருக்கிறார். வரைபடம் இன்னும் செல்லுமா என்று கேட்கும் வசதி பல கோப்பு முறைமைகள் பகிர்ந்து பயன்படுத்தும் ஐஓமேப் என்ற கெர்னல் பகுதியில் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் செயற்கூற்றை அந்தந்தக் கோப்பு முறைமைதான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டால் கேள்வி கேட்கப்படுவதே இல்லை. எங்கள் கருவிகளில் இருக்கும் மற்றக் கோப்பு முறைமைகளில் எவை ஐஓமேப்பைப் பயன்படுத்துகின்றன, அவற்றில் எவை அந்தச் செயற்கூற்றைத் தரவில்லை, தராதவற்றில் ஃபிளஷர் வரைபடத்தை மாற்றும் வாய்ப்பு எதற்கு இருக்கிறது என்று பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறார். பட்டியலின் மூன்றாவது பத்தி இன்னும் நிரம்பவில்லை.